செய்நிரலாளரும் தலைமையும்: ஒரு தொழிற் பெயர்ச்சி பற்றிய நோக்கு

செய்நிரலாக்கத்திற் பல்லாண்டு பயின்ற ஒருவர், தாம் எழுதுவதை விடுத்துப் பிறர் எழுதுவதை வழிநடத்தும் தொழினுட்பத் தலைவராவதைப் ‘பதவி உயர்வு’ என்றே பொதுவாகக் கூறுவர். இச்சொல் நிகழும் மாற்றத்தை விளக்குவதிலும் பார்க்க மறைப்பதே அதிகம். ஒருவகை உழைப்பிலிருந்து பிறிதொரு வகை உழைப்புக்குப் பெயர்வதே இங்கு நடைபெறுகிறது. அதன் இயல்பையும் அதனுள் உறையும் முரண்பாட்டையும் ஆராய்தல் பயனுடையது.

செய்நிரலாளர் தம் உழைப்பின் விளைவை உடனுக்குடன் காண்பவர். எழுதியது இயங்குமா என்பதைப் பொறியே கூறிவிடும். தலைவரின் உழைப்போ பிறரது உழைப்பின் ஊடாகவே வெளிப்படுவது. அவரது தீர்மானம் பிழையாயின் அது புலனாக மாதங்கள் செல்லலாம். இத்தகைய உழைப்பு ஏன் தேவைப்படுகிறது? ஐவர் சேர்ந்து பணிபுரியுமிடத்து இருவர் இருவராக அமையும் தொடர்புகள் 10. ஐம்பதின்மராயின் அவை 1225. கூட்டுழைப்பு விரிவடையுந்தோறும் இணைப்பே தனியொரு தொழிலாகிவிடுகிறது.

இதற்குத் தக்க சான்று ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 என்னும் பணிசெயல் முறைமை. கணினி வடிவமைப்பாளராயிருந்து அதன் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கிய பிரெடரிக் புறூக்ஸ், 1975இல் வெளியிட்ட நூலில் அவ்வனுபவத்தை ஆராய்ந்துள்ளார். உச்சநிலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்பணியில் ஈடுபட்டிருந்தனர். அதன் விவரக்குறிப்பை எழுதத் தேர்ந்த பதின்மருக்குப் பத்து மாதங்கள் தேவைப்பட்டன; அது கால அட்டவணையிலும் மூன்று மாதம் கூடுதல். மற்றொரு பிரிவின் 150 பேர் குறித்த காலத்தில் முடிப்பதாகக் கூறப்பட்டது. அவ்வேலை தரப்படாவிடின் அவர்கள் வாளாவிருக்க நேரும் என்ற வாதமும் எழுந்தது. புறூக்ஸ் 150 பேரிடமே ஒப்படைத்தார். அதுவும் மூன்று மாதம் தாமதித்தது, தரமும் குன்றியது. பிழைதிருத்தத்துக்கு மேலும் ஓராண்டு கூடியதென அவரே மதிப்பிட்டார்.

இத்தீர்மானத்தைத் தனிமனிதரின் தவறு என மட்டும் கொள்வது போதாது. கூலி பெறுவோர் சும்மா இருத்தலாகாது என்ற அச்சமும் விற்பனைக்குரிய காலக்கெடுவும் தொழினுட்ப நியாயத்தை வென்றன. மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்திற் கூட்டுழைப்புப் பற்றிக் கூறுமிடத்து, மேற்பார்வையின் இரட்டைத் தன்மையைச் சுட்டுகிறார். பலர் கூடிச் செய்யும் எவ்வுழைப்புக்கும் இசைக்குழுவுக்குப் போல ஒரு நெறியாளர் வேண்டும். ஆயின் முதலாளித்துவ உற்பத்தியில் அந்நெறியாள்கை, உழைப்பைப் பிழிந்தெடுக்கும் கட்டுப்பாடாகவும் அமைகிறது. தொழினுட்பத் தலைவரின் நியமனக் கடிதத்தில் இவ்விரு பணிகளும் பிரிக்கப்படாமலே இடம்பெறுகின்றன.

புறூக்ஸின் நூலில் மனங்கொள்ளத்தக்க மற்றொரு கருத்தும் உண்டு. தொழினுட்பப் படிநிலையிலிருந்து முகாமைத்துவப் படிநிலைக்கு மாறுவோருக்குச் சம்பள உயர்வு வழங்கலாகாது. அதனை இடமாற்றமென்றே அறிவித்தல் வேண்டும் என்கிறார். கைவினையிலும் கண்காணிப்பே மேலானது என்ற சமூக மதிப்பீட்டின் வலிமையை அவர் உணர்ந்திருந்தார். ஆயின் அம்மதிப்பீட்டின் வேரை அவர் ஆராயவில்லை. 1977இல் பிலிப் கிறாவ்ற், செய்நிரலாக்கத்திலும் சிந்தனையும் செயலும் பிரிக்கப்பட்டு, அறிவு முகாமையாளர் கையிற் குவிக்கப்படுகிறது என வாதிட்டார். பிறேவர்மன் 1974இல் தொழிற்சாலை உழைப்புப் பற்றிக் கூறியதன் தொடர்ச்சி இது. அப்பிரிவினை முற்றுப்பெறவில்லை என்பதும் உண்மையே; செய்நிரலை எழுதுபவர் சிந்தியாது எழுதுதல் இயலாது. எனினும், காலக்கெடுவை யார் வகுப்பது என்ற வினாவில் அவரது வாதம் வலுவிழக்கவில்லை.

எனவே, தலைமையேற்பவர் முதலிற் கற்க வேண்டியது தம் இரு பணிகளையும் வேறுபடுத்தி அறிதலாகும். பிறர் எழுதியதை வாசித்தல், வடிவமைப்புப் பற்றி விவாதித்தல், இளையோருக்குக் கற்பித்தல், குழுக்களிடையே இணக்கம் காணல் என்பன கூட்டுழைப்பு வேண்டும் பணிகள். இவற்றைச் செய்வதற்குச் செய்நிரலோடு நேரடி உறவு அறாதிருத்தல் அவசியம். ஆயினும் ஏனையோர் காத்திருக்க வேண்டிய முக்கிய பகுதியைத் தாமே வைத்துக்கொண்டால் அவரே தடையாகிவிடுவார். மறுபுறம், மேலிடத்தின் காலக்கெடுவைக் கீழே கடத்துவது மட்டும் தலைமையன்று. அக்கெடு சாத்தியமற்றதாயின், பணிபுரிவோரின் மதிப்பீட்டை மேலிடத்தில் எடுத்துரைக்கும் கடமையும் அவருக்குண்டு. இதனைச் செய்யுமளவிற்கே முன்னர் பெற்ற கைப்பயிற்சி சமூகப் பெறுமதியுடையதாகிறது.