சமுதாயக் கல்லூரி: வாசல் திறந்துதான் இருக்கு, உள்ளே போக யாருக்கு நேரம் இருக்கு?

சில வாரங்களுக்கு முன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து. கம்யூனிட்டி காலேஜ். ஒரு வருட டிப்ளமோ. 100 சதவீத வேலை உத்தரவாதம். மத்திய அரசு அங்கீகாரம். போட்டது சித்தி. கீழேயே சித்தி பையனின் கேள்வி: "அக்கா, இது நிஜ காலேஜ்தானா?"

தம்பிக்கு 19 வயசு. பிளஸ் டூவில் இரண்டு பாடம் போய்விட்டது. செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறான். வீட்டில் முதலில் பட்டம் வாங்கி, பெங்களூரு ஐடி கம்பெனியிலோ, என்னைப் போல டெல்லி நியூஸ் ரூமிலோ உட்கார்ந்திருக்கிற ஆளிடம்தான் இப்படிப்பட்ட கேள்விகள் வந்து சேரும். உங்களுக்கும் வந்திருக்கும். "விசாரிச்சுச் சொல்றேன்டா" என்று சொல்லிவிட்டு மறந்தும் போயிருப்போம்.

இந்த முறை உட்கார்ந்து பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யுஜிசியின், விதிமுறைகளைப் படித்தேன். படிக்கப் படிக்க, நோட்டீஸ் உண்மையா பொய்யா என்பதைவிட வேறொரு கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது.

முதலில், சமுதாயக் கல்லூரி என்றால் என்ன?

ஐடியா அமெரிக்காவுடையது. 1901இல் இலினாய் மாநிலத்தில் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜைத்தான் அங்கே இந்த வகையின் மூத்த அரசுக் கல்லூரி என்பார்கள். கட்டணம் குறைவு, நுழைவுத் தேர்வு வடிகட்டல் கிடையாது, வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். இரண்டு வருடம் படித்துவிட்டு வேலைக்குப் போகலாம், அல்லது நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். இப்போது அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இப்படி நடக்கின்றன. ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்: அங்கே படிப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேர மாணவர்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள்.

இந்தியாவில் இது முதலில் வந்து இறங்கியது நம்ம ஊர்ப் பக்கம்தான். 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த வருடம் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜைத் தொடங்கியது. அதன் பிறகு சேசு சபையைச் சேர்ந்த பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் சென்னையில் ஒரு ஆராய்ச்சி, மேம்பாட்டு மையத்தை வைத்துக்கொண்டு இந்த முறையைப் பல மாநிலங்களுக்குக் கொண்டுபோனார்.

அந்தக் காலத்து நோக்கம் தெளிவு: விடுபட்டவர்களைச் சேர்த்துக்கொள்வது. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், குடிசைப் பகுதிப் பிள்ளைகள், சீக்கிரம் கல்யாணமாகி வீட்டோடு நின்றுபோன பெண்கள். முதலில் வாழ்க்கைத் திறன்: நாலு பேர் முன்னால் பேசுவது, பேங்க் ஃபார்ம் நிரப்புவது, தன்மேல் ஒரு நம்பிக்கை வருவது. அப்புறம் தொழில் திறன். அப்புறம் ஏதாவது ஒரு மருத்துவமனையிலோ கம்பெனியிலோ நேரடிப் பயிற்சி. அங்கிருந்து வேலை. மார்க் ஷீட்டைக் கேட்காத கல்லூரி என்று சொன்னால் அதிகமில்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட மையங்களை அங்கீகரிக்க ஆரம்பித்த பிறகு, இவை மாநிலம் முழுக்கப் பரவின.

2009இல் இக்னோவும் நாடு முழுவதும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கியது. சில வருடங்களிலேயே அதை நிறுத்தியும் வைத்தது. நடுவில் சேர்ந்த மாணவர்களின் நிலைமை என்ன என்று கேட்டால், சான்றிதழ் கையில் இருக்கும், அது எதற்குச் செல்லும் என்று யாரும் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். இந்த அனுபவத்தை மறந்துவிட வேண்டாம்.

இப்போதைய விதி என்ன சொல்கிறது?

இன்று பெரும்பாலான கல்லூரி வளாகங்களில் இந்தப் பெயரில் நடப்பது 2013-14இல் யுஜிசி கொண்டுவந்த திட்டத்தின் வழிவந்தது. தனிக் கட்டடம் கிடையாது. ஏற்கெனவே இருக்கிற கல்லூரிக்குள், தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்புக்கு ஏற்ற படிப்புகளை நடத்த வேண்டும். ஆறு மாதம் படித்தால் 30 கிரெடிட், சான்றிதழ். ஒரு வருடம் என்றால் 60 கிரெடிட், டிப்ளமோ. இரண்டு வருடம், 120 கிரெடிட், உயர்நிலை டிப்ளமோ. அதே ஏணியில் மூன்றாவது வருடமும் ஏறினால் 180 கிரெடிட்டுடன் பி.வோக் பட்டம். பணம் இல்லை, வீட்டில் பிரச்சினை, எதற்காக நடுவில் இறங்கினாலும் வெறுங்கையோடு போக வேண்டாம் என்பதுதான் இந்த ஏணியின் அழகு. புதிய கல்விக் கொள்கை 2020இல் பேசும் 'எப்போது வேண்டுமானாலும் சேரலாம், விலகலாம்' என்ற விஷயம் இங்கே முன்பே இருந்தது.

கிரெடிட்டில் 60 சதவீதம் தொழில் திறனுக்கு, 40 சதவீதம் பொதுப்பாடத்துக்கு. ஒரு வருட டிப்ளமோவில் 36 கிரெடிட் கைவேலை, 24 கிரெடிட் மொழி, கணினி, பொதுப்பாடங்கள். தொழில் பகுதியைத் தொழில் துறையினரும் சேர்ந்து மதிப்பிட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. வயது வரம்பு இல்லை. 19 வயதுக்காரரும் 40 வயதுக்காரரும் ஒரே பெஞ்சில் உட்காரலாம்.

ஆனால் ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்ததும்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சேரத் தகுதி: பிளஸ் டூ அல்லது அதற்கு இணையான தேர்ச்சி, எந்தப் பிரிவானாலும் பரவாயில்லை.

அதாவது, பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்காக ஆரம்பித்த ஒரு விஷயம், அரசுத் திட்டமாக மாறியபோது பள்ளியை முடித்தவர்களுக்கானதாக ஆகிவிட்டது. தம்பி மாதிரி இரண்டு பாடம் போனவர்கள் வாசலுக்கு வெளியே. இதை யாரோ கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. டிப்ளமோவிலிருந்து பட்டத்துக்கு ஏணி போட வேண்டுமென்றால் ஏணியின் அடிக்கட்டை பல்கலைக்கழக விதிக்குள் நிற்க வேண்டும், அந்த விதி பிளஸ் டூ கேட்கும். நியாயமான காரணம்தான். விளைவு மட்டும் வேறு மாதிரி ஆகிவிட்டது.

கொஞ்சம் கணக்குப் போடலாமா?

இந்த இடத்தில்தான் என் தொழில் புத்தி வேலை செய்தது. யுஜிசி கணக்கில் ஒரு கிரெடிட் என்பது ஒரு செமஸ்டரில் 14 முதல் 15 வகுப்புகள், ஒவ்வொன்றும் 60 நிமிடம். 15 என்றே வைத்துக்கொள்வோம். 60 கிரெடிட் என்றால் 900 மணி நேரம். இரண்டு செமஸ்டர், மொத்தம் 30 வாரம். 900ஐ 30ஆல் வகுத்தால் வாரத்துக்கு 30 மணி நேரம்.

வாரம் ஐந்து நாள், தினம் ஆறு மணி நேரம். இதுவும் குறைந்தபட்சக் கணக்குதான். களப்பணிக்கும் கம்பெனிப் பயிற்சிக்கும் வகுப்பில் பாதி மதிப்புதான், அதாவது ஒரு கிரெடிட் வாங்க இரண்டு மடங்கு மணி நேரம் போக வேண்டும். பயிற்சி அதிகமாக அதிகமாக வாரக் கணக்கு 30ஐத் தாண்டும்.

இப்போது அமெரிக்காவின் பகுதிநேர மாணவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சமுதாயக் கல்லூரி அங்கே ஓடுவதற்குக் காரணமே, சாயங்காலம் இரண்டு பாடம், அடுத்த செமஸ்டர் ஒரு பாடம் என்று வாழ்க்கைக்கு ஏற்ப வெட்டிக்கொள்ள முடிவதுதான். இங்கே காகிதத்தில் வயது வரம்பு இல்லை. ஆனால் வேலைக்குப் போகிற ஒருவரால் பகலில் வாரம் 30 மணி நேரம் எங்கிருந்து எடுக்க முடியும்? ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் இருக்க முடிகிறவர்தான் படிக்க முடியும். அப்படி இருக்க முடிகிறவர் பெரும்பாலும் ஏதோ ஒரு பி.காமிலோ பி.எஸ்சியிலோ ஏற்கெனவே சேர்ந்திருப்பார்.

எத்தனை பேருக்கு இது பொருந்தும்? மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி 2021-22இல் 18 முதல் 23 வயதுக்காரர்களின் மொத்தச் சேர்க்கை விகிதம் நாடு முழுக்க 28.4. தமிழ்நாட்டில் 47. தேசிய சராசரியைத் தாண்டி நிற்கிறோம் என்று நாம் பெருமையாகச் சொல்கிற எண் இது. பெருமை நியாயம்தான். ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் பார்த்தால், நன்றாகச் செய்கிற மாநிலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் கல்லூரிக்கு வெளியே இருக்கிறார்கள். (ஒரு சின்ன எச்சரிக்கை: இந்த விகிதத்தில் 23 வயதைத் தாண்டிப் படிப்பவர்களும் மேலே எண்ணப்படுவார்கள். அதனால் வெளியே இருப்பவர்களின் உண்மையான பங்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.) சமுதாயக் கல்லூரி என்ற பெயர் கூப்பிடுவது அவர்களைத்தான்.

சரி, நோட்டீஸை எப்படிப் பார்ப்பது?

உத்தரவாதத்தை விடுங்கள். விதிமுறை வேலைவாய்ப்புக்கு முயற்சி எடுக்கச் சொல்கிறதே தவிர, யாருக்கும் வேலை உறுதி தரவில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி: சான்றிதழில் யார் பெயர் இருக்கும்? ஒரு பல்கலைக்கழகமா, தன்னாட்சிக் கல்லூரியா, இல்லை ஏதோ ஒரு அறக்கட்டளையா? அறக்கட்டளையாகப் பதிவு செய்வதும், சிறுதொழில் பதிவு எண் வாங்குவதும், ஐஎஸ்ஓ சான்று வாங்குவதும் கல்வி அங்கீகாரம் ஆகாது. 'மத்திய அரசு அங்கீகாரம்' என்று பெரிதாகப் போட்டு, கீழே பொடி எழுத்தில் ஒரு பதிவு எண் இருந்தால் அந்த எண் எந்த அலுவலகத்துடையது என்று தேடுங்கள்.

பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால் அதோடு நிற்காமல், அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இந்தக் கல்லூரியும் இந்தப் படிப்பும் இந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். போன வருட அனுமதி இந்த வருடத்துக்கும் இருக்கும் என்று தானாக எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது, கிரெடிட் எங்கே சேரும்? 2021 முதல் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்ற டிஜிட்டல் கணக்கு இருக்கிறது. அதில் ஏறும் கிரெடிட் ஏழு வருடம் வரை செல்லும், பின்னால் வேறு கல்லூரியில் சேரும்போது பயன்படுத்தலாம். நடத்துகிற நிறுவனம் அதில் பதிவாகவில்லை என்றால், 'பிறகு பட்டத்துக்கு மாறிக்கலாம்' என்ற பேச்சுக்குப் பெரிய மதிப்பில்லை.

இன்னொரு குழப்பம் டிப்ளமோ என்ற சொல்லிலேயே இருக்கிறது. பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்து வாங்குவதும் டிப்ளமோ, இங்கே ஒரு வருடத்தில் வாங்குவதும் டிப்ளமோ. 'பொறியியலில் டிப்ளமோ' கேட்கிற வேலைக்கு இது போதாது. பி.வோக் வரை போனால் கதை வேறு: அது யுஜிசி சட்டத்தின் 22ஆவது பிரிவின்கீழ் வரும் முறையான பட்டம், ஏதாவது ஒரு பட்டம் போதும் என்கிற போட்டித் தேர்வுகளை எழுதலாம்.

கல்லூரி மாணவரிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதையும் கேளுங்கள். வருகைப்பதிவு எவ்வளவு, பயிற்சி எந்த கம்பெனியில், அங்கே போய்வர பஸ் காசு யாருடையது, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டா. நல்ல கல்லூரி இதற்கெல்லாம் பட்டென்று பதில் சொல்லும். எங்கே பயிற்சி என்று கேட்டதும் பேச்சு ஃபீஸ் தவணைக்குத் தாவினால் போனை வைத்துவிடலாம்.

தம்பியை வைத்தே நோட்டீஸில் இருந்த எண்ணுக்குப் போன் போடச் சொன்னேன். சான்றிதழில் யார் பெயர் வரும் என்று கேட்டிருக்கிறான். சார் மீட்டிங்கில் இருக்கிறார், திருப்பிக் கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை.

அப்புறம் அவனாகவே பக்கத்து ஊர் கலைக் கல்லூரி ஒன்றில் விசாரித்திருக்கிறான். அங்கே நிஜமான சமுதாயக் கல்லூரி நடக்கிறது, பல்கலைக்கழகச் சான்றிதழ்தான். மின்னணுச் சாதனப் பராமரிப்பு டிப்ளமோவும் இருக்கிறது, அவன் தினமும் செய்கிற வேலை அது. முதலில் அந்த இரண்டு பாடத்தையும் துணைத்தேர்வில் எழுதித் தேறணும். அதை எழுதிவிடுவான், ஃபீஸ் கட்டியாச்சு.

வகுப்பு நேரம் காலை 9.30 முதல் மாலை 3.30 வரை. கடை பத்து மணிக்குத் திறக்கும். "ஓனர் அண்ணன்கிட்ட சாயங்கால ஷிஃப்ட் கேட்டுப் பார்க்கிறேன்க்கா, பாதிச் சம்பளம் குடுத்தாக்கூட போதும்" என்றான்.