கடைக்குக் கொடுத்த விவரமும் குடியானவரின் உரிமையும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியை அடுத்துள்ள ஆரணி நகரம் பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பெயர் போனது. சுற்றுக் கிராமங்களிலுள்ள குடியானவர்கள் நெல் விற்பதற்கும், உரமும் விதையும் வாங்குவதற்கும், கலியாணத்திற்குச் சேலை எடுப்பதற்கும் இந்நகருக்கு வருதல் வழக்கம். சேலை எடுக்கும்போது ஜரிகையைத் திருப்பிப் பார்ப்பதிலும், சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று விசாரிப்பதிலும் அவர்கள் குறை வைப்பதில்லை. ஆயினும், பணம் செலுத்துமிடத்தில் கைபேசி எண்ணைக் கேட்டால், எதற்கு என்று வினவாமலே பெரும்பாலோர் சொல்லிவிடுகின்றனர். உரக்கடையிலும், டிராக்டர் கம்பெனியிலும், நகைக்கடன் கொடுக்குமிடத்திலும் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு அதை மறந்துவிடுகின்றனர்.

இவ்விவரங்கள் தனித்தனியே அற்பமானவையாகத் தோன்றும். ஆனால் ஒன்று சேருங்கால், ஒருவருக்கு எவ்வளவு நிலம் உண்டு, அறுவடைப் பணம் எப்பொழுது கைக்கு வரும், வீட்டில் கலியாணம் எப்பொழுது என்பன யாவும் அவற்றினின்று விளங்கும். தீயவர் கையில் அகப்படின், அவர் பெயரில் வேறொருவர் கடன் வாங்கவும் கூடும். அக்கடன் அவரது கணக்கில் ஏறி நின்றால், பயிர்க்கடன் கேட்கும் சமயத்தில் வங்கி கையை விரித்துவிடும். நடவுப் பருவம் தவறிய பின் கிடைக்கும் கடன், கதிர் முற்றிய பின் பெய்யும் மழையை ஒக்கும்.

ஆகவே, வியாபாரிகளிடம் உள்ள தமது விவரத்தின் மீது தமக்கு என்ன உரிமை உண்டு என்பதை ஒவ்வொரு நிலவுடைமையாளரும் அறிந்திருத்தல் அவசியம். விவரத்தைக் கொடுப்பது அதை விற்பதாகாது. ஒரு காரியத்தின் பொருட்டு ஒப்படைப்பதேயாகும். ஒப்படைத்ததைப் பற்றிக் கேட்கவும், பிழை இருப்பின் திருத்தவும், காரியம் முடிந்த பின் அழிக்கச் சொல்லவும் சட்டம் இடமளிக்கிறது.

சட்டம் வந்த வகை

2017 ஆகஸ்டு 24-ந் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமைகளுள் ஒன்று எனத் தீர்ப்பளித்தனர். 2018 செப்டம்பரில் அந்நீதிமன்றம் அளித்த மற்றொரு தீர்ப்பு, ஒப்பந்தத்தின் பேரில் தனியார் கம்பெனிகள் ஆதார் மூலம் ஆளைச் சரிபார்ப்பதற்கு இடமளித்திருந்த விதியைச் செல்லாதென்றது. பின்னர் 2023 ஆகஸ்டில், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. விசாரணை வாரியத்தைப் பற்றிய பகுதி உடனே அமலுக்கு வந்தது. மக்களுக்குரிய முக்கிய உரிமைகள் பதினெட்டு மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் அமலுக்கு வருமாறு விதிக்கப்பட்டுள்ளது.

புதிய சட்டத்தின் சாரம்

விவரம் கேட்பவர், எந்த விவரம், எதற்காக என்பதைத் தெளிவான மொழியில் முன்னதாக அறிவிக்கவேண்டும். இவ்வறிவிப்பைத் தமிழிலேயே கேட்டுப் பெறலாம். காரியத்திற்குத் தேவையான அளவே சம்மதம் செல்லும். சேலை விற்பவருக்கு வாங்குவோரின் நிலக்கணக்கு வேண்டியதில்லை. சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ, அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்கவேண்டும்.

தம்மைப் பற்றி என்ன விவரம் வைத்திருக்கிறார்கள், வேறு யாருக்கு அதைக் கொடுத்தார்கள் என்று கேட்கலாம். தவறானதைத் திருத்தவும், தேவையற்றதை அழிக்கவும் கோரலாம். தாம் இறந்தாலோ செயலற்றாலோ தமக்காக இவ்வுரிமைகளைச் செலுத்த ஒருவரை நியமிக்கலாம். விவரம் களவு போனால், பாதிக்கப்பட்டவர்களுக்கு அதைத் தாமதமின்றித் தெரிவிப்பது கம்பெனியின் கடமை. முறையீட்டிற்குத் தொண்ணூறு நாட்களுக்குள் பதில் தரவேண்டும். அதன் பின்னும் குறை தீராவிடில் வாரியத்திற்கு எழுதலாம். பாதுகாப்பில் தவறிய கம்பெனிக்கு ரூ. 250 கோடி வரை தண்டம் விதிக்கலாம்.

இதற்குள் செல்லும் உரிமைகள்

2027 வரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. மூன்று உரிமைகள் ஏற்கெனவே அமலில் உள்ளன.

முதலாவது, கடைகளைப் பற்றியது. கைபேசி எண் தராதவருக்குச் சரக்கு விற்க மறுப்பது முறையற்ற வியாபாரம் என்று மத்திய நுகர்வோர் விவகார இலாகா 2023 மே மாதத்தில் வியாபாரிகளுக்கு அறிவுறுத்தியது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டத்திற்குப் புறம்பாக வெளியிடுவதையும் முறையற்ற வியாபாரத்தில் சேர்த்திருக்கிறது. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். திருவண்ணாமலையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்கிடலாம். ரூ. 5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய சரக்கைப் பற்றிய வழக்கிற்குக் கட்டணமில்லை.

இரண்டாவது, கடன் வரலாற்றைப் பற்றியது. மக்கள் பொதுவாகச் சிபில் என்று சொல்லும் கணக்கை வைத்திருக்கும் கம்பெனிகள் இந்தியாவில் நான்கு உள்ளன. ஒவ்வொன்றும் வருஷத்திற்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதில் வாங்காத கடனோ, அடைத்த பின்னும் நிற்கும் பாக்கியோ காணப்பட்டால், வங்கிக்கோ அக்கம்பெனிக்கோ எழுதலாம். முப்பது நாட்களுக்குள் முறையீடு தீர்க்கப்படாவிடில், அதன் மேல் நாள் ஒன்றுக்கு ரூ. 100 வீதம் நஷ்டஈடு பெற உரிமையுண்டு. ரிசர்வ் வங்கியின் இவ்வேற்பாடு 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

மூன்றாவது, கைபேசிச் செயலி மூலம் கொடுக்கும் கடனைப் பற்றியது. இத்தகைய செயலி, கடன் கேட்பவரின் கைபேசியிலுள்ள எண்கள், படங்கள், பேச்சுப் பதிவுகள் ஆகியவற்றைத் தொடக்கூடாதென்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்தது. தவணை தவறினால் உறவினருக்கெல்லாம் போன் செய்து மானத்தை வாங்கும் கொடுமைக்கு வேர் இதுவேயாதலால், அனுமதி கேட்கும் செயலியை விலக்குவதே உத்தமம்.

எல்லைகள்

சட்டத்தின் எல்லையையும் அறிதல் வேண்டும். கணினியில் ஏறிய விவரத்திற்கே இது பொருந்தும். ஆரணியில் வீட்டிலிருந்து தறி நெய்பவருக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து முன்பணமும் தரும் முதலாளி, கணக்கைக் காகிதப் பேரேட்டில் மட்டும் எழுதி வைத்தால் அது இச்சட்டத்தில் அடங்காது. கணினியில் பதிந்த நாள் முதல் அடங்கும். உண்மையான கடனை அழிக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. வரி முதலிய சட்டங்களின்படி வியாபாரி வைத்திருக்கவேண்டிய கணக்கும் அப்படியே. மானிய உரம் வாங்குவோரின் அடையாளம் கருவியில் பதிவாவது அரசுத் திட்டத்தைச் சார்ந்தது; கடைக்காரர் தம் விருப்பப்படி கேட்பதன்று. மேலும், வாரியம் விதிக்கும் தண்டம் சர்க்கார் கஜானாவைச் சேரும். நஷ்டமடைந்தவர் கைக்கு வராது. பொய் முறையீடு செய்வோருக்கு ரூ. 10,000 வரை தண்டமும் உண்டு.

செய்யத்தக்கவை

விவரம் கேட்குமிடத்தில் காரணம் கேட்டல் முதற் கடமை. ஆதார் நகல் தர நேரின், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தந்து, குறுக்கே எதற்காகக் கொடுத்தது என்பதையும் தேதியையும் எழுதிக் கையொப்பமிடுவது நலம். யாருக்கு எந்த நகல் கொடுத்தோம் என்பதைக் குத்தகைச் சீட்டும் கிஸ்து ரசீதும் வைக்குமிடத்திலேயே ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். பயிர்க்கடன் கேட்பதற்கு இரண்டு மாதம் முந்தியே கடன் அறிக்கையை வரவழைத்துப் பார்த்தால், பிழையைத் திருத்த அவகாசம் கிடைக்கும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களும் இதில் பெரிதும் உதவக்கூடும். மனுக்களுடன் வந்த நகல்களை மேசை மீது போட்டு வைக்காமலும், பயனாளிகள் ஜாபிதாவைக் கைபேசிக் குழுக்களில் பரப்பாமலும் இருப்பது அவர்கள் தொடக்கத்தில் செய்யவேண்டியது. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவருக்கு ஆண்டுக்கொரு முறை கடன் அறிக்கையை எடுத்து வாசித்துக் காட்டுவார்களாயின், கிராமத்தில் அநேகர் வீண் நஷ்டத்தினின்று தப்புவர்.