போட்டியாளர் நினைத்தால் உங்கள் வெப்சைட்டை கூகுளில் கீழே தள்ள முடியுமா? ‘நெகட்டிவ் எஸ்.இ.ஓ’ பற்றி முழு விளக்கம்

நேற்று வரை கூகுளில் தேடினால் முதல் பக்கத்தில் வந்த உங்கள் கடையின் வெப்சைட், இன்று மூன்றாவது பக்கத்துக்குப் போய்விட்டது. போன் கால் குறைகிறது, ஆர்டர் குறைகிறது. உடனே மனதில் வரும் முதல் சந்தேகம், ‘போட்டிக் கடைக்காரர் ஏதோ பண்ணிட்டார்’ என்பதுதான்.

இப்படி உண்மையிலேயே செய்ய முடியுமா? சுருக்கமான பதில் இதுதான். பலரும் பயப்படும் வழியில் செய்வது இப்போது ரொம்பவே கஷ்டம். ஆனால், பலரும் கவனிக்காத சில வழிகளில் செய்ய முடியும். அப்படி நடந்தும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நெகட்டிவ் எஸ்.இ.ஓ என்றால் என்ன?

சொந்த வெப்சைட்டை கூகுள் தேடலில் மேலே கொண்டுவர செய்யும் வேலைகளுக்குப் பெயர் எஸ்.இ.ஓ. அடுத்தவர் வெப்சைட்டைக் கீழே இறக்க செய்யும் வேலைகளுக்குப் பெயர் நெகட்டிவ் எஸ்.இ.ஓ. நம்ம கடையை அலங்கரிக்காமல், பக்கத்துக் கடை வாசலில் குப்பை கொட்டுவது மாதிரி.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

ஒரு வெப்சைட் இன்னொரு வெப்சைட்டுக்கு லிங்க் கொடுத்தால், அதை ஓர் ஓட்டு மாதிரி எடுத்துக்கொள்வதுதான் கூகுளின் அடிப்படை யோசனை. நல்ல இடங்களிலிருந்து நிறைய ஓட்டு விழுந்தால் ரேங்க் ஏறும். இதைத் தெரிந்துகொண்டவர்கள் காசு கொடுத்து லிங்க் வாங்க ஆரம்பித்தார்கள்.

2011 பிப்ரவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. அமெரிக்காவின் பெரிய சில்லறை விற்பனை நிறுவனமான ஜே.சி.பென்னி, சம்பந்தமே இல்லாத ஏராளமான வெப்சைட்களில் இருந்த லிங்க்குகள் மூலம் கூகுளில் முதலிடம் பிடித்திருந்தது என்பதே அந்தச் செய்தி. கூகுள் நடவடிக்கை எடுத்தது. சாம்சொனைட் பெட்டி தொடர்பான ஒரு தேடலில் முதலிடத்தில் இருந்த நிறுவனம், இரண்டே மணி நேரத்தில் 71-வது இடத்துக்குப் போனது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொன்ன ஜே.சி.பென்னி, தனது எஸ்.இ.ஓ ஏஜென்சியை நீக்கியது.

2012 ஏப்ரலில் ‘பென்குயின்’ என்ற அப்டேட்டை கூகுள் கொண்டுவந்தது. போலி லிங்க் வைத்திருக்கும் வெப்சைட்களை கம்ப்யூட்டரே கண்டுபிடித்துக் கீழே இறக்கும். ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதம் இதனால் மாறும் என்று கூகுளே சொன்னது.

இங்கேதான் சிக்கல். காசு கொடுத்து வாங்கிய லிங்க் இருந்தால் தண்டனை என்றால், என் போட்டியாளருக்கு நானே காசு கொடுத்துக் குப்பை லிங்க் வாங்கி விட்டால் என்ன ஆகும்? தண்டனை அவருக்குத்தானே? இந்த எண்ணத்தில்தான் ‘போட்டியாளரைக் கவிழ்த்துத் தருகிறோம்’ என்று சில ஆயிரம் ரூபாய்க்கு விளம்பரம் செய்யும் கூட்டம் கிளம்பியது.

போட்டியாளரால் உங்கள் ரேங்க்கை கிட்டத்தட்ட எதுவும் செய்ய முடியாது என்ற பொருளில் முன்பு தனது உதவிப் பக்கத்தில் எழுதியிருந்த கூகுள், பிறகு அந்த வரியை மாற்றியது. அப்படி நடக்காமல் தடுக்க கடுமையாக முயற்சி செய்கிறோம் என்ற அளவுக்கு அது இறங்கி வந்தது.

கூகுள் இதை எப்படி சமாளித்தது?

முதல் கட்டமாக 2012 அக்டோபரில் ‘டிஸ்அவோ’ என்ற வசதி வந்தது. ‘இந்த லிங்க்குகளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை’ என்று வெப்சைட் உரிமையாளரே பட்டியல் போட்டுக் கொடுக்கலாம்.

பெரிய மாற்றம் வந்தது 2016 செப்டம்பரில். அதுவரை குப்பை லிங்க் இருந்தால் வெப்சைட்டையே கீழே இறக்கிய பென்குயின், அதன் பிறகு அந்த லிங்க்கை மட்டும் கணக்கில் எடுக்காமல் விட ஆரம்பித்தது. அதாவது கள்ள ஓட்டு போட்டால் வேட்பாளரைத் தகுதிநீக்கம் செய்வதற்குப் பதில், அந்த ஓட்டை மட்டும் செல்லாத ஓட்டு ஆக்கிவிடுவது. 2022 டிசம்பரில், ‘ஸ்பேம்பிரெய்ன்’ என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பும் போலி லிங்க்குகளைச் செல்லாமல் ஆக்கும் வேலைக்குக் கொண்டுவரப்பட்டது.

பெரும்பாலான வெப்சைட்களுக்கு டிஸ்அவோ தேவைப்படாது என்று இப்போது கூகுளே சொல்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் பிங் தேடுபொறி 2023-ல் தன்னிடம் இருந்த அதே வசதியை எடுத்தே விட்டது. ஆக, யாரோ ஆயிரக்கணக்கில் குப்பை லிங்க் அனுப்புகிறார்கள் என்பதற்காக மட்டும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்போ உண்மையான ஆபத்து எங்கே?

லிங்க் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. ஆனால் பக்கவாட்டில் சில ஜன்னல்கள் திறந்திருக்கின்றன.

1. போலி காப்புரிமை புகார்

‘இது என் படைப்பு, திருடிவிட்டார்கள்’ என்று புகார் கொடுத்தால், அந்தப் பக்கத்தைக் கூகுள் தேடலிலிருந்து நீக்கும். அமெரிக்காவின் 1998-ம் ஆண்டு டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. உண்மையான படைப்பாளிகளுக்கான பாதுகாப்பு இது. ஆனால், இதையே ஆயுதமாக்கவும் முடியும்.

2023 நவம்பரில் கூகுளே அமெரிக்காவின் கலிபோர்னியா நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தொடுத்தது. வியட்நாமைச் சேர்ந்த சிலர் 65 கூகுள் கணக்குகளைத் தொடங்கி, 1,17,000-க்கும் மேற்பட்ட இணையப் பக்கங்கள் மீது ஆயிரக்கணக்கான போலி புகார்களைக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பெரிய நிறுவனங்களின் பெயரிலும் போலியாகப் புகார் கொடுத்தார்கள், போட்டி விற்பனையாளர்களின் பக்கங்களைத் தேடலிலிருந்து அகற்றுவதே நோக்கம் என்று கூகுள் கூறியது.

பாதிக்கப்பட்டவர் மறுப்பு மனு கொடுக்கலாம். புகார் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போகவில்லை என்றால், 10 முதல் 14 வேலை நாள்களில் பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பண்டிகை விற்பனை நேரத்தில் இரண்டு வாரம் காணாமல் போனால், அந்த சீசனே போன மாதிரிதான்.

2. தேடல் பட்டியலிலிருந்து நீக்கும் வசதி

ஒரு பக்கம் இணையத்தில் இல்லாமல் போன பிறகும் கூகுள் தேடலில் தெரிந்தால், அதை நீக்கச் சொல்லி யார் வேண்டுமானாலும் கோரிக்கை வைக்கலாம். 2025-ல் அமெரிக்க பத்திரிகையாளர் ஒருவரின் கட்டுரைகள் இந்த வழியாக மாயமாகின. கட்டுரையின் முகவரியில் சில எழுத்துகளை மட்டும் சிறிய எழுத்திலிருந்து பெரிய எழுத்தாக மாற்றிக் கோரிக்கை வைத்திருக்கிறார்கள். மாற்றிய முகவரியில் பக்கம் இல்லை என்றதும், உயிரோடு இருந்த அசல் கட்டுரையையும் சிஸ்டம் நீக்கிவிட்டது. ‘ஃப்ரீடம் ஆஃப் தி பிரஸ் ஃபவுண்டேஷன்’ அமைப்பு இதை வெளியே கொண்டுவந்தது. பிறகு கூகுள் அந்த ஓட்டையை அடைத்தது.

3. கூகுள் மேப்ஸில் கை வைப்பது

சின்னக் கடைகளுக்கு வெப்சைட்டை விட கூகுள் மேப்ஸ்தான் முக்கியம். அங்கே கடையின் நேரம், முகவரி, ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்பது வரை யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ‘செர்பியன் கிரவுன்’ என்று ஓர் உணவகம். சுமார் 40 ஆண்டுகளாக நடந்தது. 2012 தொடக்கத்தில் வார இறுதிக் கூட்டம் சுமார் 75 சதவீதம் சரிந்தது. ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, ‘ஏன் சனி, ஞாயிறு, திங்கள் லீவு விடுறீங்க?’ என்று கேட்டபோதுதான் உரிமையாளருக்கு விஷயமே புரிந்தது. கூகுள் பட்டியலில் அப்படித்தான் இருந்திருக்கிறது. 2013-ல் உணவகம் மூடப்பட்டது. போட்டியாளர் செய்த வேலை என்று குற்றம்சாட்டி, கூகுள் மீது உரிமையாளர் வழக்கு போட்டார். வழக்குக்கு அடிப்படையே இல்லை என்றது கூகுள்.

4. ஹேக்கிங்

இதுதான் மிக மோசமானது. வெப்சைட்டுக்குள் நுழைந்து, ‘நோஇன்டெக்ஸ்’ என்ற ஒரே ஒரு கட்டளையைச் சேர்த்துவிட்டால் போதும். பார்ப்பவர்களுக்கு வெப்சைட் வழக்கம்போலத் தெரியும், ஆனால் கூகுள் தேடலிலிருந்து மெதுவாக மறைந்துவிடும். இன்னொரு வகை, ஜப்பானிய மொழியில் நூற்றுக்கணக்கான போலி விற்பனைப் பக்கங்களை உள்ளே ஒளித்துவைப்பது. இது அடிக்கடி நடப்பதால், இதற்கென்றே கூகுள் தனி வழிகாட்டி வைத்திருக்கிறது.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஹேக்கிங் என்றாலே போட்டியாளர் என்று முடிவு கட்டக் கூடாது. பழைய, அப்டேட் செய்யாத வெப்சைட்களைத் தானியங்கி புரோகிராம்கள் தேடித் தேடித் தாக்குகின்றன. உங்களைக் குறிவைத்தே வந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

5. சர்வரை முடக்குவது

போலி டிராஃபிக்கை அனுப்பி வெப்சைட்டைத் திறக்கவிடாமல் செய்வது. சில மணி நேரம் முடங்கினால் ரேங்க்குக்குப் பெரிய பாதிப்பு இருக்காது. தொடர்ந்து பல நாள் சர்வர் பிழை காட்டினால், அந்தப் பக்கங்களைக் கூகுள் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்.

ரேங்க் இறங்கினால் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

போட்டியாளரைச் சந்தேகப்படும் முன், ‘கூகுள் சர்ச் கன்சோல்’ கணக்கைத் திறங்கள். இது இலவசம். அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

* ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ பகுதி: கூகுள் ஊழியர்கள் உங்கள் வெப்சைட் மீது நடவடிக்கை எடுத்திருந்தால் இங்கே இருக்கும்.
* ‘செக்யூரிட்டி இஷ்யூஸ்’ பகுதி: ஹேக் செய்யப்பட்டதாகக் கூகுள் கண்டுபிடித்திருந்தால் இங்கே தெரியும்.
* ‘ரிமூவல்ஸ்’ பகுதி: யாராவது பக்கங்களை மறைத்திருந்தால் தெரியும். கணக்கில் அனுமதி உள்ளவர்கள் ஒரு பக்கத்தைச் சுமார் 6 மாதம் வரை தேடலில் மறைக்க முடியும். வேலையை விட்டுப் போன ஊழியர், பழைய ஏஜென்சி ஆகியோரின் அனுமதியை நீக்கிவிட்டீர்களா என்று செக் பண்ணுங்க.

மூன்றும் சுத்தமாக இருந்தால், அதே நாள்களில் கூகுள் ‘கோர் அப்டேட்’ ஏதாவது வந்ததா என்று பாருங்கள். வெப்சைட்டைப் புதுப்பித்தபோது டெவலப்பர் மறந்துபோய் விட்ட ஒரு செட்டிங்கும் காரணமாக இருக்கலாம். வேர்ட்பிரஸ்ஸில் தேடுபொறிகளைத் தடுக்க ஒரு டிக் பாக்ஸ் இருக்கிறது. அதை எடுக்க மறந்து, மாதக்கணக்கில் போட்டியாளரைத் திட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

இதோடு, வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் இரண்டு அடுக்கு பாஸ்வேர்டு பாதுகாப்பு, தவறாத அப்டேட், பேக்கப். கூகுள் பிசினஸ் கணக்கை உங்கள் பெயரில் உறுதி செய்து, கடை நேரம் சரியாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பது. இவ்வளவு போதும்.

மிரட்டல் மெயில் வந்தால்?

‘பணம் அனுப்பு, இல்லையென்றால் உன் வெப்சைட்டுக்கு லட்சக்கணக்கில் ஸ்பேம் லிங்க் அனுப்புவேன்’ என்று மெயில் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். அந்த லிங்க்குகளைத்தான் கூகுள் கணக்கிலேயே எடுப்பதில்லையே. அதேபோல, ‘உங்கள் வெப்சைட்டில் விஷ லிங்க் இருக்கு, சுத்தம் செய்ய மாதம் இவ்வளவு’ என்று பயமுறுத்தி வருபவர்களிடமும் கவனம் தேவை. அவசரப்பட்டு டிஸ்அவோ செய்தால், நல்ல லிங்க்கும் சேர்ந்து போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் அனுமதியின்றி அடுத்தவர் கம்ப்யூட்டர் அமைப்புக்குள் நுழைவது, தகவலை அழிப்பது, சேவையை முடக்குவது எல்லாம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவில் வருகின்றன. தீய நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தேசிய சைபர் க்ரைம் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட், மெயில், தேதி, நேரம் எதையும் அழிக்காமல் வையுங்கள். சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு புகார் நிற்காது, ஆதாரம் வேண்டும்.