'எங்ககிட்ட 3டி மாடல் இருக்கு!' - கட்டுமான நிறுவனங்களுக்கு மார்க் போடுவது எப்படி?

வீடு கட்டியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். பூச்சு வேலை முடிந்து சுவர் பளிச்சென்று நிற்கும். மறுநாளே பிளம்பர் வந்து, "பைப் இந்த வழியாத்தான் போகணும்" என்று உடைப்பார். கொத்தனாரைக் கேட்டால், "எனக்குக் கொடுத்த பிளான்ல பைப்பே இல்லையே" என்பார்.

ஒரு வீட்டுக்கே இந்தப் பாடு என்றால் மருத்துவமனை, மெட்ரோ ஸ்டேஷனில் எவ்வளவு குழப்பம் வரும்? அதற்கான தீர்வுதான் பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங், சுருக்கமாக 'பிம்'.

பிம் என்றால் என்ன?

கட்டடத்தை முதலில் கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் கட்டிப்பார்ப்பது. இது வெறும் படம் அல்ல. ஒரு கதவை க்ளிக் செய்தால் அதன் அளவு, தயாரித்த நிறுவனம், எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும் என்பதுவரை பதிவு செய்து வைக்கலாம். பீமும் ஏ.சி குழாயும் ஒரே இடத்தில் மோதினால், சுவரை உடைக்கும் முன்பே திரையில் தெரிந்துவிடும்.

ஆனால், சாஃப்ட்வேர் வாங்கியதுமே 'நாங்களும் பிம்' என்று ஒரு நிறுவனம் சொல்லிக்கொள்ளலாமே? அதனால்தான் அளவுகோல்கள் வந்தன.

நான்கு படிகள்

பிரிட்டனில் 2008-ல் மார்க் ப்யூ, மெர்வின் ரிச்சர்ட்ஸ் இருவரும் 0 முதல் 3 வரை படிகள் வகுத்தார்கள். ஆளாளுக்குத் தனித்தனி வரைபடம் என்றால் பூஜ்யம். வரைபடங்களை ஒழுங்குமுறையோடு நிர்வகித்தால் 1. ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர், எலெக்ட்ரிக்கல் பிரிவு என ஒவ்வொருவரும் 3டி மாடல் செய்து, அவற்றை இணைத்துச் சரிபார்த்தால் 2. எல்லோரும் ஒரே மாடலில் வேலை செய்தால் 3.

மத்திய அரசுத் துறைகளின் திட்டங்களுக்கு இரண்டாம் படி கட்டாயம் என்பது அங்கே 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. என்.பி.எஸ் அமைப்பின் ஆய்வில், பிம் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் 2011-ல் 13 சதவிகிதம். 2020-ல் 73 சதவிகிதம்.

32-க்கு எத்தனை?

'பயன்படுத்துகிறோம்' என்பது வேறு, 'நன்றாகப் பயன்படுத்துகிறோம்' என்பது வேறு. அதைப் பிரித்துப் பார்க்க அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம் 8 தலைப்புகளில் தலா 4 மதிப்பெண் என மொத்தம் 32-க்கு ஒரு மார்க் ஷீட் தயாரித்தது. கட்டி முடித்த பிறகு, கட்டடம் உண்மையில் எப்படி இருக்கிறதோ அப்படியே மாடலும் திருத்தப்பட்டதா, பராமரிப்பவருக்குத் தேவையான தகவல் அதில் இருக்கிறதா என்பதற்கும் அதில் மதிப்பெண் உண்டு.

இது ஏன் முக்கியம்? 2017 ஜூன் 14-ம் தேதி லண்டன் கிரென்ஃபெல் டவர் தீ விபத்தில் 72 பேர் இறந்தார்கள். அதன்பின் கட்டட விதிகளை ஆராய்ந்த ஜூடித் ஹாக்கிட், உயரமான குடியிருப்புகளின் தகவல்களை டிசைன் முதல் பராமரிப்பு வரை டிஜிட்டலில் பாதுகாக்க வேண்டும் என 2018-ல் பரிந்துரைத்தார்.

நீங்கள் ஃப்ளாட் வாங்கப் போகிறீர்களா? பில்டர் 3டி மாடலைக் காட்டினால் மூன்று கேள்விகள் கேளுங்கள்... பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் இதைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார்களா? சைட்டில் செய்யும் மாற்றங்கள் இதில் ஏறுகின்றனவா? சாவி கொடுக்கும்போது இதையும் சங்கத்திடம் கொடுப்பீர்களா?

மூன்றுக்கும் 'இல்லை' என்றால், அது விளம்பரப் படம் மட்டுமே.