போனில் பாடம், கையில் புளியங்கொட்டை: சின்ன வகுப்புக் குழந்தைக்குக் கலப்புக் கற்றல்

பவுர்ணமி வந்தால் திருவண்ணாமலை தூங்காது. கிரிவலப் பாதையில் பூ, இளநீர், டீ விற்கும் பெற்றோருக்கு அன்று ராத்திரி முழுக்க வேலை. பிள்ளை கையில் போன். "அழாம இருக்கட்டும்னுதான் கொடுத்தோம்" என்பார்கள். அதே போனை அரை மணி நேரம் படிப்புக்கும் பயன்படுத்தலாம்.

கலப்புக் கற்றல் என்றால் என்ன?

ஆசிரியர் நேரில் நடத்துவது, திரையில் பார்ப்பது, வீட்டில் கையால் செய்து பார்ப்பது, இந்த மூன்றும் சேர்ந்ததுதான். ஆசிரியர் இடத்தைப் போன் பிடிக்க முடியாது. வகுப்பில் படித்ததைத் திரும்பப் பார்க்க அது உதவும்.

ஏன் அவசியம்?

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தொடக்க வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் வயதில் பெரிய இடைவெளி. இதைச் சரிசெய்ய 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியும், 2022 ஜூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடங்கின. எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துப் பாடம் நடக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பு நிலையில் இருந்தால் அது அவமானம் இல்லை. எங்கிருந்து தொடங்கணும் என்பதை அது காட்டுகிறது, அவ்வளவுதான்.

வீட்டில் என்ன செய்யணும்?

1. பிளே ஸ்டோரில் 'தீக்‌ஷா' செயலியை இறக்குங்கள். தமிழ் மொழி, தமிழ்நாடு பாடத்திட்டம், பிள்ளையின் வகுப்பு ஆகியவற்றைத் தேர்வு செய்யுங்கள். வீடியோ பார்க்கப் பதிவு செய்யத் தேவையில்லை.

2. பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் குறியீட்டைச் செயலியில் ஸ்கேன் செய்யுங்கள். கேமரா சரியில்லையா? குறியீட்டுக்குக் கீழே உள்ள ஆறு எழுத்து எண்களை டைப் செய்தாலும் பாடம் வரும்.

3. வைஃபை கிடைக்கும்போது பதிவிறக்கி வைத்தால், பிறகு நெட் இல்லாமலே பார்க்கலாம்.

4. ஒரு நாளைக்கு ஒரு பாடம் போதும். முடிந்ததும் போனை வாங்கி வைத்துவிட்டு, "கதையில என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். கணக்கு என்றால் புளியங்கொட்டையை எண்ணி, கூட்டி, கழித்துக் காட்டச் சொல்லுங்கள். பூ கட்டும் வீட்டில் பூவையே எண்ணலாம்.

நான்காவது படியை விட்டுவிட்டால் மற்ற மூன்றும் வீண். பார்ப்பது மட்டும் படிப்பு ஆகாது. பிள்ளை தன் வாயால் சொல்லி, தன் கையால் செய்தால்தான் மனதில் நிற்கும். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் கதை கேட்கத் தெரியுமே, அது போதும்.

அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது, "எத்தனை மார்க்?" என்பதோடு நிறுத்தாமல், "என் பிள்ளை எந்த நிலையில இருக்கு? வீட்டுல எதைப் பழக்கணும்?" என்றும் ஆசிரியரிடம் கேளுங்கள். கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.