புற்றுநோய் மருந்தும் நோயாளர் அறிவும்

புற்றுநோய் என்னும் சொல்லை வாய்விட்டுக் கூறவும் அஞ்சும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் முற்றாக மறைந்திலது. நோயாளர் மனம் உடைந்துவிடுவார் என்றஞ்சி, வைத்தியர் கூறியவற்றை உறவினர் அவருக்கு மறைப்பதுண்டு. அன்பினாற் செய்யப்படும் இம்மறைப்பு, கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சை பெறுவோர்க்கு உயிராபத்தாகவும் முடியலாம். அஃது எவ்வாறு என்பதை ஈண்டுச் சுருக்கமாக விளக்குவாம்.

புற்றுநோய்க் கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும் இயல்பின. கீமோதெரபி மருந்துகளுட் பல, விரைந்து பெருகும் கலங்களைத் தாக்கி அழிப்பன. ஆயின் மயிர் வேரிலும், வாயின் உட்புறத்திலும், குருதியை ஆக்கும் என்புமச்சையிலும் உள்ள நல்ல கலங்களும் விரைந்து பெருகுவனவே. மருந்து இவற்றையும் ஓரளவு தாக்குகின்றது. அதனாலேயே மயிர் உதிர்கின்றது, வாய் புண்ணாகின்றது. நல்ல கலங்கள் மீண்டும் தழைத்தற்கு இடந்தந்தே, மருந்தைப் பெரும்பாலும் இரண்டு மூன்று வார இடைவெளிவிட்டு ஏற்றுகின்றனர். உதிர்ந்த மயிர் சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் மீண்டும் வளரும். இதனை முன்னரே அறிந்தவர், மயிர் உதிர்வதை நோய் முற்றியதன் அடையாளமெனக் கொண்டு சிகிச்சையைக் கைவிடமாட்டார்.

இவை யாவற்றினும் முதன்மையாக அறியவேண்டியது காய்ச்சலைப் பற்றியதாகும். நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள், மருந்தேற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையிலான காலத்திலேயே பெரும்பாலும் மிகக் குறைகின்றன. அக்காலத்தில் நோயாளர் வைத்தியசாலையில் இல்லை. தம் வீட்டிலேயே இருக்கின்றார். அருகில் வைத்தியருமில்லை, தாதியுமில்லை. உடல்வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டுமாயின், அது கடுங்கிருமித் தொற்றின் ஒரே அறிகுறியாகவும் இருத்தல் கூடும். வழமைபோல் மல்லிக் குடிநீர் அருந்தி, பரசிற்றமோல் விழுங்கி, விடியும்வரை பொறுத்திருத்தல் தகாது; அம்மாத்திரை காய்ச்சலை மறைக்குமேயன்றித் தொற்றை மாற்றாது. நள்ளிரவாயினும் உடனே வைத்தியசாலைக்குச் சென்று, “நான் கீமோதெரபி பெறுபவன்” என்பதையே முதலிற் கூறல் வேண்டும். நோயின் பெயரே மறைக்கப்பட்டவர் இதனை எங்ஙனம் கூறுவார்?

ஆதலின் விளக்கம் சொல்லுதல் சிகிச்சைக்குப் புறம்பானதன்று. அதன் ஓர் உறுப்பேயாம். வளர்ந்தோர்க்குக் கற்பித்தல் சிறுவர்க்குக் கற்பித்தல் போன்றதன்று. அச்சமுற்றிருப்பவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் மனங்கொள்ளார். ஆகவே சிறிது சிறிதாக, அவர்தம் தாய்மொழியில், உறவினர் ஒருவரையும் உடன்வைத்துக்கொண்டு கூறவேண்டும். கூறியதை எளிய தமிழில் எழுதியும் கொடுத்தல் நன்று. “விளங்கிற்றா?” என வினவினால் எவரும் தலையசைப்பர். “இன்றிரவு காய்ச்சல் கண்டால் யாது செய்வீர்கள்?” என வினவி, விடையை அவர் வாயினின்றே பெறவேண்டும். விடை பிழைப்பின், குறை கற்றவரிடத்தன்று, கற்பித்த முறையிலேயே என்றுகொண்டு மீண்டும் விளக்குதல் தகும். நாட்டு மருந்து உண்பவராயின், அதனை வைத்தியருக்கு மறையாது சொல்லும் துணிவையும் அவருக்கு அளித்தல் வேண்டும்.

மகரகமையிலும் தெல்லிப்பழையிலும் சிகிச்சை பெறுவோருள் நம் உறவினரும் அயலவரும் உளர். நம் பழைய மாணவருள் வைத்தியரானோர் பொறுமையோடு விளக்குக. தமிழ் வல்லோர் அவ்விளக்கத்தைத் தெளிந்த நடையில் எழுதியுதவுக. ஏனையோர் தத்தம் இல்லத்தில் மறைப்பை நீக்குக. உண்மையை அறிந்த நோயாளரே தம் உயிருக்கு முதற்காவலர்.