முன்பின் தெரியாத போதை

1982 ஜூலை. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஒரு பொது மருத்துவமனை. நாற்பது வயதைக் கடந்த ஒருவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். கண் திறந்திருந்தது, பேச்சில்லை, அசைவில்லை. யாராவது அவர் கையைத் தூக்கிவிட்டால் தூக்கிய இடத்திலேயே நின்றது. மனநோயா, நரம்புக் கோளாறா என்று மருத்துவர்களுக்கே பிடிபடவில்லை. அவருடைய விரல்கள் மட்டும் லேசாக அசைவதைக் கவனித்த ஒருவர், விரலிடுக்கில் பென்சிலைச் செருகிக் காகிதத்தை நீட்டினார். கோணல்மாணலாக எழுத்து வந்தது. அவருக்குச் சுயநினைவு தெளிவாகவே இருந்தது. உடம்புதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் விசாரிக்க ஆரம்பித்தார். நோயாளியின் தோழியும் அதே நிலையில் கிடந்தார். வேறு ஊர்களிலும் இப்படிச் சிலர் இருப்பது தெரியவந்தது. மொத்தம் ஆறு பேர். பார்த்தால் முற்றிய பார்க்கின்சன் நோய். ஆனால் அது முதுமையில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. இவர்களோ இளைஞர்கள், நடுவயதினர். சில நாட்களில் கல்லாகிப்போனவர்கள். எல்லோரும் ஒரே சரக்கை ஊசியில் ஏற்றியிருந்தார்கள். ‘புது ஹெராயின்’ என்று சொல்லி விற்ற சரக்கு.

அதைச் சமைத்தவர் தயாரிக்க நினைத்தது எம்.பி.பி.பி. என்ற செயற்கை வலிநிவாரணி. 1940-களிலேயே மருந்து நிறுவன ஆய்வுக்கூடத்தில் உருவாகி, சந்தைக்கு வராமலே மறந்துபோன பொருள். வினையின்போது சூடோ அமிலமோ கொஞ்சம் கூடினாலும் அதில் எம்.பி.டி.பி. என்ற வேறொரு பொருள் கலந்துவிடும். வந்த வினை அதுதான்.

அந்த எம்.பி.டி.பி. தானாக விஷமல்ல. மூளைக்குள் போனதும் அங்கிருக்கும் ஒரு நொதி அதை விஷமாக மாற்றுகிறது. உருமாறிய பொருளை டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளாக நினைத்து, டோபமைன் சுரக்கும் நரம்புச் செல்கள் மட்டும் வாசலைத் திறந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உள்ளே போனதும் அது செல்லின் ஆற்றல் உற்பத்தியை நிறுத்திவிடும். உடம்பின் அசைவை ஆளுகிற செல்கள் பட்டினியால் சாகின்றன. போனது போனதுதான், திரும்ப முளைக்காது. பார்க்கின்சன் நோய்க்குத் தருகிற லெவோடோபா மாத்திரை கொடுத்ததும் நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். கூடவே மாத்திரையின் கடுமையான பக்கவிளைவுகளும் வந்தன. பின்னாளில் அவர்களில் இருவருக்கு ஸ்வீடனின் லுண்ட் நகரில் கருத்திசுவை மூளையில் பதித்துப் பார்த்தார்கள். ஓரளவு பலன் இருந்தது.

இதில் என்னை உலுக்கும் தகவல் வேறொன்று. இந்த விபரீதம் அதற்கு முன்பே ஒருமுறை நடந்திருந்தது. 1976-இல் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு வேதியியல் மாணவர் வீட்டிலேயே இதே சரக்கைத் தயாரித்துத் தனக்கே போட்டுக்கொண்டு, இதேபோல் முடங்கிப்போனார். ஆய்வாளர்கள் அவர் பயன்படுத்திய முறையிலேயே சரக்கைத் தயாரித்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளுக்கு நிலையான பாதிப்பு எதுவும் வரவில்லை! எம்.பி.டி.பி.யை எலி தாங்கும். மனிதரும் குரங்கும் தாங்கமாட்டார்கள். அந்த ஆய்வு 1979-இல் ஓர் இதழில் வெளியாகி, கண்டுகொள்வார் இல்லாமல் கிடந்தது. ஆக, ‘எலிக்குக் கொடுத்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை’ என்ற உத்தரவாதத்தையும் முழுசாக நம்ப முடியாது. சாதாரண மருந்து ஒன்று பல கட்டச் சோதனைகளைத் தாண்டி நம் கைக்கு வர எத்தனையோ வருடங்கள் ஆவது இதனால்தான். தெருவில் விற்கும் புதுச் சரக்குக்கு அந்தக் கட்டங்கள் எதுவும் கிடையாது. வாங்குகிறவர்தான் முதல் சோதனை. அவர் காசு கொடுத்துச் சேருகிறார் என்பது கூடுதல் கொடுமை.

ஹெராயின் விஷயம், நமக்கென்ன என்று தோன்றலாம். ‘ஸ்பைஸ்’, ‘கே2’ என்ற பெயர்களில் வந்தவை அப்படி அச்சமூட்டுகிற முகத்தோடு வரவில்லை. பளபளப்பான பாக்கெட், உள்ளே காய்ந்த இலைத்தூள், மேலே ‘மனிதர் உட்கொள்வதற்கல்ல’ என்ற வாசகம். ஊதுபத்தி சமாசாரம்போல ஐரோப்பாவில் கடைகளிலேயே விற்றார்கள். மூலிகை என்றுதான் பலரும் நம்பிப் புகைத்தார்கள். 2008 டிசம்பரில் ஜெர்மனியில் சோதித்துப் பார்த்தபோது குட்டு உடைந்தது. இலை வெறும் சுமைதாங்கி. போதையைத் தந்தது அதன்மேல் தெளித்திருந்த ஜே.டபிள்யூ.எச்.-018 என்ற செயற்கை வேதிப்பொருள்.

அந்த எழுத்துகள் ஒரு மனிதரின் பெயர்ச்சுருக்கம். ஜான் டபிள்யூ. ஹஃப்மன், தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். கஞ்சாவின் வேதிப்பொருள் மூளையில் எங்கே, எப்படிப் பொருந்துகிறது என்று அறிய, அரசு நிதியில் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளை உருவாக்கியவர். செய்முறையை ஆய்விதழ்களில் வெளியிட்டார். விஞ்ஞானத்தில் அதுதான் முறை. அதைப் படித்து யாரோ தொழில் தொடங்கினார்கள். இதைப் புகைப்பது உயிரோடு விளையாடுவது என்று ஹஃப்மன் பின்னர் பேட்டி பேட்டியாகச் சொல்லிப் பார்த்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கஞ்சா உடம்புக்கு நல்லது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘ஸ்பைஸ்’ போன்றவற்றைச் ‘செயற்கைக் கஞ்சா’ என்று அழைப்பது ஆளை ஏமாற்றும் வேலை. கஞ்சாவில் இருக்கும் டி.எச்.சி. மூளையின் ஏற்பியை அரைகுறையாகத்தான் முடுக்கும்; எவ்வளவு போட்டாலும் ஓர் எல்லைக்குமேல் போகாது. செயற்கைச் சரக்குகளில் பல அதே ஏற்பியை முழு வேகத்தில் முடுக்குபவை. வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, நாள்கணக்கில் நீளும் சித்தப்பிரமை என்று வருவது அதனால்தான். 2012-இல் அமெரிக்காவின் 6 மாநிலங்களில் இதைப் புகைத்த 16 பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தது.

2016 ஜூலை 12 காலை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரே தெருவட்டாரத்தில் 33 பேர் வெறித்த பார்வையோடு, முனகிக்கொண்டு, நின்ற நிலையில் தள்ளாடினார்கள். 18 பேரை ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியிருந்தது. பார்த்தவர்கள் ‘ஜோம்பி’ என்றார்கள். பத்திரிகைகள் அதையே தலைப்பாக்கின. நம்மூர் யூடியூப் சேனல்களும் இத்தகைய காட்சிகளுக்கு அந்தப் பெயரைத்தான் ஒட்டுகின்றன. மூச்சுத் திணறி விழுகிற மனிதரைப் பேய்ப்படப் பாத்திரமாக்கி வேடிக்கை பார்ப்பது அருவருப்பாக இருக்கிறது.

மருத்துவமனையின் வழக்கமான பரிசோதனைகளில் எதுவும் சிக்கவில்லை. கடைசியில் சான் பிரான்சிஸ்கோ ஆய்வுக்கூடம் ஒன்றுதான் விடையைக் கண்டுபிடித்தது. ஏ.எம்.பி.-ஃபுபினாகா என்ற இன்னொரு செயற்கைச் சரக்கு. டி.எச்.சி.யைவிட 85 மடங்கு வீரியம். அந்தப் பொருள் நோயாளிகளின் ரத்தத்தில் மூலவடிவில் இல்லவே இல்லை. உடம்பு அதை உடைத்துப்போட்ட மிச்சம் மட்டுமே இருந்தது. என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் தேடினால் கிடைக்காது. அடுத்த ஆண்டு நியூசிலாந்தில் இதே சரக்கு பலரைக் கொன்றது.

ஒரே பாக்கெட்டை இருவர் பங்குபோட்டுப் புகைத்து, ஒருவர் வீடு திரும்ப, மற்றவர் சாவதற்கும் காரணம் உண்டு. பொடியை அசிட்டோனில் கரைத்து இலைக்குவியலின்மேல் தெளிக்கிறார்கள். சரியாகக் கிளறாத புளியோதரை மாதிரி, ஒரு மூலையில் ஒன்றுமே இருக்காது, இன்னொரு மூலையில் அப்படியே அப்பிக்கிடக்கும். மில்லிகிராம் கணக்கில் வேலை செய்கிற பொருளுக்கு அந்தக் கட்டி ஒன்றே போதும்.

போதாதற்குக் கலப்படம். 2018 மார்ச்சில் இல்லினாய் மாநிலத்தில் இதைப் புகைத்தவர்களுக்கு ஈறிலும் மூக்கிலும் சிறுநீரிலும் ரத்தம் வரத் தொடங்கியது. சரக்கில் புரோடிஃபகூம் கலந்திருந்தது. எலி மருந்து. அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 150 பேருக்குமேல் பாதிப்பு, சிலர் இறந்தார்கள். அந்த விஷம் உடம்பை விட்டு லேசில் போகாது என்பதால், பிழைத்தவர்கள் மாதக்கணக்கில் வைட்டமின் கே விழுங்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் வாங்குகிறார்கள்? விலை மலிவு. வேலைக்கும் ஜாமீனுக்கும் எடுக்கும் சிறுநீர்ச் சோதனையில் சிக்குவதில்லை. இரண்டாவது காரணம் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது: பழைய போதையைப் பிடிக்க நாம் வைத்த பொறியே புதுசை நோக்கித் தள்ளியிருக்கிறது. சட்டத்தின் கதையும் அதேதான். ஒரு மூலக்கூறைத் தடை செய்தால், அதன் வாலில் ஓர் அணுவை மாற்றி அடுத்ததை இறக்குகிறார்கள். சீனா 2021-இல் ‘ஸ்பைஸ்’ வகைச் சரக்குகளான செயற்கைக் கன்னாபினாய்டுகளை ஒவ்வொன்றாக அல்லாமல் குடும்பத்தோடு தடை செய்தது. நம் நாட்டுப் போதைப்பொருள் சட்டம் 1985-இல் வந்தது. அது பெரும்பாலும் பட்டியல் போட்டுப் பிடிக்கிற சட்டம். மும்பையில் ‘மியாவ் மியாவ்’ என்றும் ‘எம்.டி.’ என்றும் சக்கைப்போடு போட்ட மெஃபட்ரோன் 2015 பிப்ரவரியில்தான் அந்தப் பட்டியலில் ஏறியது. அதுவரை கையும் களவுமாகப் பிடித்தாலும் இந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியாமல் போலீஸ் கையைப் பிசைந்தது.

பட்டியல் எவ்வளவு நீளும் என்று கனடாவில் கணக்குப் பார்த்தார்கள். தெரிந்த சரக்குகளின் அமைப்பைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, இனி என்னென்ன வரலாம் என்று கேட்டார்கள். 2021-இல் வெளியான அந்த ஆய்வில் கணினி தந்தது சுமார் 89 லட்சம் மூலக்கூறுகள். பிறகு சந்தைக்கு வந்த பெரும்பாலானவை அதற்குள் ஏற்கெனவே இருந்தன. வடிவத்தை யூகிக்கலாம், அது ஈரலை என்ன செய்யும், இதயத்தை என்ன செய்யும் என்பதைக் கணினி சொல்லாது.

இப்போதைய தலைவலி நைட்டசீன்கள். 1950-களில் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் வலிநிவாரணியாக உருவாகி, ஆபத்து என்று கைவிடப்பட்டவை. 2019 வாக்கில் தெருவுக்கு வந்தன. சில வகைகள் ஃபென்டனில் என்ற கடும் வலிநிவாரணியைவிட வீரியமானவை. தூக்க மாத்திரை, வலி மாத்திரை என்ற பெயரில் போலியாக அச்சடித்தும் வருகின்றன. நல்லவேளையாக இவற்றுக்கு நலாக்சோன் என்ற முறிமருந்து வேலை செய்கிறது. ஒரு டோஸ் போதாமல் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டிவரலாம். செயற்கைக் கன்னாபினாய்டுக்கு அப்படியொரு முறிமருந்தே இல்லை. வலிப்பை அடக்கி, மூச்சைக் காத்து, உடம்பு தானே வெளியேற்றும்வரை காத்திருப்பதுதான் சிகிச்சை.

அதனால் வீட்டில் ஒரு பிள்ளையோ விடுதி அறையில் ஒரு நண்பனோ நினைவிழந்து கிடந்தால் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, தெளியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 108-ஐ அழையுங்கள். மிச்சமிருக்கும் பாக்கெட்டையோ மாத்திரையையோ பயந்துபோய்க் கழிப்பறையில் கொட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்ச் சோதனையில் ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால், சோதித்த சில பொருட்கள் இல்லை என்றுதான் அர்த்தம். என்ன போட்டான், எப்போது போட்டான் என்று கூட இருந்தவர் வாய்திறந்து சொல்வதைவிட மருத்துவருக்குப் பெரிய துப்பு கிடையாது. பழக்கத்திலிருந்து மீள வழி தேடுபவர்களும் குடும்பத்தாரும் 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம்.